அறுபத்தெட்டு வயது அம்மாவுக்குப் புரதம்: சோறும் சாம்பாரும் போதுமா?

கேள்வி: காவிரிக்கரை

அனைவருக்கும் வணக்கம். என் தாயாருக்கு வயது 68. கும்பகோணத்தில் எங்களுடன் இருக்கிறார். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை எடுத்துக்கொள்கிறார். சர்க்கரை அளவு பெரும்பாலும் கட்டுக்குள்தான் இருக்கிறது. ஆனால் கடந்த ஓராண்டில் அவருடைய எடை 57 கிலோவிலிருந்து 52 கிலோவாகக் குறைந்துவிட்டது. தரையில் உட்கார்ந்தால் யாராவது கை கொடுத்தால்தான் எழுகிறார். நாற்காலியிலிருந்து எழவும் கைப்பிடியை ஊன்ற வேண்டியிருக்கிறது. தசை குறைந்துவருகிறது, உணவில் புரதத்தைக் கூட்டுங்கள் என்று மருத்துவர் சொன்னார். எவ்வளவு, எதிலிருந்து என்று விரிவாகக் கேட்க அன்று வாய்ப்புக் கிடைக்கவில்லை.

நாங்கள் சைவம், முட்டையும் சேர்ப்பதில்லை. அம்மா காலையில் மூன்று இட்லியும் தேங்காய்ச் சட்னியும், மதியம் சோறு, சாம்பார், ஒரு பொரியல், மோர், இரவில் இரண்டு தோசை சாப்பிடுகிறார். காலை, மாலை இரு வேளையும் காபி உண்டு. வேறெதுவும் பெரிதாக இல்லை. நாள்தோறும் சாம்பார் சாப்பிடுகிறவருக்குப் புரதம் எப்படிக் குறையும் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. அதோடு, சர்க்கரை உள்ளவர்கள் பருப்பைக் கூட்டினால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்று உறவினர்கள் எச்சரிக்கிறார்கள். அம்மாவும் அதை நம்புகிறார். பருப்பு வாயு என்று வேறு ஒதுக்குகிறார். மருந்துக் கடையில் புரத மாவு வாங்கிப் பாலில் கலந்து கொடுத்தால் போதும் என்கிறார் என் தம்பி. விவரம் அறிந்தவர்கள் சற்று விளக்கமாகச் சொன்னால் மிகவும் உதவியாக இருக்கும்.

மறுமொழி: மதுரை உணவியலாளர்

அன்புச் சகோதரிக்கு வணக்கம். மதுரையில் உணவியல் ஆலோசகராகப் பணியாற்றுகிறேன். தங்கள் தாயாரைப் போன்ற நிலையில் உள்ள பெண்களை அடிக்கடிச் சந்திக்கிறேன் என்பதால், முதலில் அவர் இப்போது உண்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம்.

மூன்று இட்லியில் ஐந்து அல்லது ஆறு கிராம் புரதம் இருக்கும். மதியம் சமைக்கும் அரிசி ஏறத்தாழ 100 கிராம் என்று வைத்துக்கொண்டால் அதில் 7 முதல் 8 கிராம். சாம்பாரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். துவரம் பருப்பில் நூற்றுக்கு 22 கிராம் அளவில் புரதம் இருப்பது உண்மை. ஆனால் அது உலர்ந்த பருப்பின் கணக்கு. நான்கு பேருக்கான சாம்பாரில் போடும் பருப்பைப் பங்கிட்டால், ஒருவர் இலைக்கு வருவது பெரும்பாலும் 15 கிராம்தான். அதிலிருந்து கிடைக்கும் புரதம் மூன்று கிராமைச் சிறிதே தாண்டும். இரண்டு தோசைக்கு ஐந்தாறு கிராம், இரண்டு காபியில் சேரும் பாலுக்கு ஐந்து கிராம், சட்னி, பொரியல், மோர் எல்லாவற்றுக்கும் சேர்த்து நான்கைந்து கிராம். ஆக ஒரு நாளைக்கு முப்பது கிராமைச் சுற்றித்தான் வருகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, வளர்ந்த ஒருவருக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் தேவை. 52 கிலோவுக்கு இது 43 கிராம். இந்த அளவு, பருப்பும் பாலும் போதிய அளவில் கலந்த உணவை உண்பவருக்கானது. பெரும்பகுதி தானியத்தையே நம்பியிருப்பவருக்குக் கிலோவுக்கு ஒரு கிராம் அளவுக்குத் தேவைப்படும். முதியோருக்கான புரதத் தேவையை ஆராய்ந்த பன்னாட்டு வல்லுநர் குழு ஒன்று 2013இல், 65 வயதைக் கடந்தவர்களுக்குக் கிலோவுக்கு 1.0 முதல் 1.2 கிராம் வரை தேவை என்று பரிந்துரைத்தது. அப்படிப் பார்த்தால் தங்கள் தாயாருக்கு வேண்டியது 52 முதல் 62 கிராம். இப்போது கிடைப்பது அதில் ஏறக்குறையப் பாதி.

வயதானவருக்கு ஏன் கூடுதலாக வேண்டும்? நம் உடலில் புரதம் ஓயாமல் சிதைந்து, ஓயாமல் மீண்டும் கட்டப்படுகிறது. வளர்ந்த ஒருவருடைய உடலில் ஒரு நாளைக்கு 250 முதல் 300 கிராம் வரை இப்படி மாறிக்கொண்டே இருக்கிறது. சிதைந்ததில் பெரும்பகுதி மறுபடி பயன்பட்டாலும் ஒரு பகுதி வெளியேறிவிடுகிறது. கொழுப்பைச் சேமித்து வைப்பதைப் போல உபரிப் புரதத்தைச் சேமித்து வைக்க உடலில் தனி இடம் கிடையாது. உணவில் குறைந்தால் உடல் எடுத்துக்கொள்ளும் இருப்பு, இயங்கிக்கொண்டிருக்கும் தசைதான். இளம் வயதில் ஒரு வேளைக்குப் பதினைந்து இருபது கிராம் புரதம் கிடைத்தாலே தசை தன்னைக் கட்டிக்கொள்ளத் தொடங்கிவிடும். முதுமையில் அந்தத் தூண்டலுக்குத் தசை மந்தமாகவே செவிசாய்க்கிறது. அதே பலனைப் பெற வேளைக்கு 25 கிராம் அளவுக்கு வேண்டியிருக்கிறது. லியூசின் என்னும் அமினோ அமிலத்துக்கு இதில் முக்கியப் பங்கு உண்டு. சைவ உணவில் ஒவ்வொரு வேளையும் 25 கிராமை எட்டுவது கடினம். ஆனால் இப்போது ஆறேழு கிராமில் முடிந்துவிடும் காலைச் சிற்றுண்டியைப் பதினைந்துக்குக் கொண்டுவருவதே பெரிய மாற்றம்.

அளவைப் போலவே தரமும் கவனிக்க வேண்டியது. உடலால் தானே உருவாக்கிக்கொள்ள முடியாத அமினோ அமிலங்கள் ஒன்பது. அவற்றில் லைசின் அரிசியில் குறைவு: அரிசிப் புரதம் ஒரு கிராமில் 36 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது; வளர்ந்தவருக்கான அளவுகோலோ 45. பருப்பு வகைகளில் லைசின் தாராளமாக உண்டு. அங்கே குறைவது மெத்தியோனின், அது அரிசியில் உண்டு. ஆகவே சோறும் பருப்பும் சேர்ந்த உணவு சிறந்த சேர்க்கைதான். பருப்பின் பங்கு கண்ணுக்குத் தெரியும் அளவில் இருந்தால் மட்டுமே அந்தச் சிறப்பு கிடைக்கும். தெளிவாக ஓடும் சாம்பாரிலும் ரசத்திலும் அது கிடைக்காது.

எடைக் குறைவுக்கு வேறு காரணம் உண்டா என்பதையும் மருத்துவரிடம் உறுதி செய்துகொள்ளுங்கள். ஓராண்டில் ஐந்து கிலோ குறைவதை உணவுக் குறைபாடு என்று மட்டும் எடுத்துக்கொள்ளக் கூடாது.

மறுமொழி: குன்னூர் வாசகர்

மேலே எழுதியவரின் கணக்கை மதிக்கிறேன். ஆனாலும் புரதம் குறைகிறது என்ற கூக்குரல் எழும்போதெல்லாம் ஒரு வரலாற்றை நினைவூட்ட வேண்டியது என் கடமை என்று கருதுகிறேன்.

1930களில் சிசிலி வில்லியம்ஸ் என்ற மருத்துவர், இன்று கானா என வழங்கும் அன்றைய கோல்டு கோஸ்ட்டில், குழந்தைகளிடம் வீக்கமும் தோல் மாற்றமும் கொண்ட ஒரு நோயைக் கண்டு, அந்த ஊர் மக்கள் அதற்கு வழங்கிய குவாஷியோர்கர் என்னும் பெயராலேயே அதைப் பற்றி எழுதினார். மக்காச்சோளக் கஞ்சியே உணவாக இருந்த குழந்தைகளிடம் அது காணப்பட்டதால், புரதக் குறைவே அதன் காரணம் என்ற கருத்து வலுப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்தக் கருத்து உலகக் கொள்கையாகவே ஆகிவிட்டது. ஐக்கிய நாடுகள் அமைப்பில் 1955இல் புரதத்துக்கென ஓர் ஆலோசனைக் குழு தோன்றியது; ஏழை நாடுகளின் பசிக்கு விடை புரதச் செறிவுள்ள மாவுகளும் மீன் பொடியும்தான் என்று பெரும் பணம் செலவிடப்பட்டது.

அந்தப் போக்கை உறுதியாக மறுத்தவர்களில் ஒருவர் சேலத்தில் பிறந்த மருத்துவர் சி. கோபாலன். எங்கள் குன்னூரில் 1918இல் சிறு ஆய்வுப் பிரிவாகத் தொடங்கி, பின்னர் ஐதராபாத்துக்கு இடம்பெயர்ந்து தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக வளர்ந்த அமைப்பின் இயக்குநராக இருந்தவர். குவாஷியோர்கர் வந்த குழந்தைகளும், எலும்பும் தோலுமாக மெலிந்துபோகும் மராஸ்மஸ் வந்த குழந்தைகளும் ஒரே வகையான உணவைத்தான் உண்டுவந்தார்கள் என்பதை அவருடைய குழு காட்டியது. தானியமும் பருப்பும் கலந்த வீட்டு உணவை அக்குழந்தைகள் வயிறு நிறைய உண்டிருந்தால் புரதத் தேவையும் பெரும்பாலும் நிறைவேறியிருக்கும். குறைந்தது உணவின் மொத்த அளவு என்பது அவர் நிலைப்பாடு. 1974இல் ஊட்டச்சத்து ஆய்வாளர் டொனால்டு மெக்லாரன் லான்செட் மருத்துவ இதழில் இந்தப் புரதக் கொள்கையையே பெருந்தோல்வி என்று கடுமையாக எழுதினார்.

இதை இங்கே சொல்லக் காரணம் உண்டு. உணவில் ஆற்றல் போதாதபோது, கொடுக்கும் புரதத்தையும் உடல் எரிபொருளாக எரித்துவிடும்; ஒரு கிராமுக்கு நான்கு கலோரி என்ற அளவில் அது அடுப்பில் போய்விடும், தசைக்குப் போகாது. தங்கள் தாயார் எடை குறைந்திருக்கிறார். அவர் வயிறார உண்கிறாரா என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. சோற்றைக் குறைத்துப் புரதத்தைக் கூட்டு என்று சொல்வதற்கு முன், பல் வலி, பசியின்மை, தனியாக உண்ணும் சலிப்பு ஆகியவற்றால் அவர் உண்ணும் அளவே குறைந்திருக்கிறதா என்று பாருங்கள். மருந்துக் கடை டப்பாவைப் பொறுத்தவரை என் கருத்து உறுதியானது: வீட்டு உணவைச் சரிசெய்யாமல் அதை வாங்க வேண்டாம்.

மறுமொழி: மதுரை உணவியலாளர்

குன்னூர் அன்பர் சொன்ன வரலாறு ஒவ்வொரு உணவியல் மாணவரும் அறிய வேண்டியது. ஆற்றல் முதலில் என்பதிலும் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் கோபாலனின் முடிவு சிறு குழந்தைகளைப் பற்றியது. அதை அப்படியே முதியவருக்குப் பொருத்த முடியாது. ஏன் என்பதை விளக்குகிறேன். இந்த உரையாடலில் நான் முக்கியமாகக் கருதுவது இதுதான்.

பன்னிரண்டு கிலோ எடையுள்ள இரண்டு வயதுக் குழந்தைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 1000 கலோரியும் 12 கிராம் புரதமும் தேவை. அந்தப் புரதம் தரும் ஆற்றல் 48 கலோரி. மொத்தத்தில் ஐந்து விழுக்காடு. அரிசியின் ஆற்றலில் ஒன்பது விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைய அதன் புரதத்திலிருந்து வருகிறது. எனவே சோறும் சிறிது பருப்பும் போதிய அளவு உண்ணும் குழந்தைக்குப் புரதம் தானாகவே நிறைந்துவிடுகிறது. ஓடியாடும் வயதில் உடலுக்கு வேண்டிய ஆற்றல் மிகுதி என்பதால் உணவும் மிகுதி. அந்த மிகுதியோடு புரதமும் சேர்ந்து உள்ளே போகிறது.

68 வயதுப் பெண்மணியின் நிலை தலைகீழ். நடமாட்டம் குறைந்ததால் அவருக்கு வேண்டிய ஆற்றல் 1500 கலோரியை ஒட்டித்தான் இருக்கும். புரதத் தேவையோ குறையவில்லை. 55 கிராம் என்றால் 220 கலோரி, அதாவது மொத்த ஆற்றலில் பதினைந்து விழுக்காடு. ஒன்பது விழுக்காடு கொண்ட சோற்றையும் இட்லியையும் எவ்வளவு கூட்டினாலும் பதினைந்தை எட்ட இயலாது. வயிறும் கொள்ளாது, சர்க்கரையும் ஏறும். ஆகவே அவருக்கு மாற வேண்டியது தட்டின் விகிதம். அளவைக் குறைக்காமல், சோற்றில் ஒரு கரண்டியை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பருப்பையும் தயிரையும் வைக்க வேண்டும். 2024இல் வெளியான இந்தியர்களுக்கான உணவு வழிகாட்டுதல்களும் 2000 கலோரி உணவில் பருப்பு, பயறு வகைகளுக்கு 85 கிராமும் பாலுக்கு 300 மில்லிலிட்டரும் ஒதுக்குகின்றன. நம் வீடுகளில் அந்தப் பருப்பளவு பெரும்பாலும் காணப்படுவதில்லை. விலையும் ஒரு காரணம் என்பதை மறுக்க முடியாது.

அதே வழிகாட்டுதல்கள் புரத மாவுகளைத் தவிர்க்கும்படி சொல்கின்றன. அவற்றில் சர்க்கரையும் இனிப்பூட்டிகளும் செயற்கை மணமூட்டிகளும் சேர்க்கப்பட்டிருக்கலாம் என்பது காரணங்களில் ஒன்று. சர்க்கரை நோயாளிக்கு வாங்கும்போது டப்பாவின் பின்புற அட்டவணையைப் படிக்காமல் வாங்கவே கூடாது. உணவால் இயலாத நிலை வந்தால், கொழுப்பு நீக்கிய சாதாரணப் பால்பொடியிலேயே நூற்றுக்கு 35 கிராம் புரதம் இருக்கிறது. அதில் பாலின் சர்க்கரையும் பாதியளவுக்கு உண்டு என்பதால், அளவோடு, மருத்துவரைக் கேட்டுச் சேர்க்கலாம்.

மறுமொழி: சிறுநீரக மருத்துவர், கோவை

சிறுநீரகம் குறித்த அச்சத்துக்கு விடை சொல்ல வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

உபரியான அமினோ அமிலங்களில் உள்ள நைட்ரஜனைக் கல்லீரல் யூரியாவாக மாற்றுகிறது. சிறுநீரகம் அதை வெளியேற்றுகிறது. புரதம் கூடினால் சிறுநீரகத்தின் வடிகட்டும் வேலையும் கூடும் என்பது உண்மை. நலமாக உள்ள சிறுநீரகம் அந்த வேலையை எளிதில் ஏற்றுக்கொள்ளும், கிலோவுக்கு 1.2 கிராம் அளவான புரதம் நல்ல சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை. ஏற்கெனவே பழுதடைந்த சிறுநீரகத்தின் கதை வேறு. நாட்பட்ட சிறுநீரக நோய் மூன்றாம் நிலையையோ அதற்கு மேலான நிலையையோ எட்டி, டயாலிசிஸ் தொடங்காதவர்களுக்குக் கிலோவுக்கு 0.8 கிராம் என்ற அளவைப் பன்னாட்டு வழிகாட்டுதல் சொல்கிறது. டயாலிசிஸ் தொடங்கியவர்களுக்கு, இழப்பை ஈடுசெய்ய, மறுபடி 1.0 முதல் 1.2 வரை கூட்ட வேண்டும். எங்கள் பிரிவுக்கு வருபவர்களில் பலர் யாரோ சொன்னதைக் கேட்டுப் பருப்பையும் பாலையும் முற்றாக நிறுத்திவிட்டு, நடக்கவே வலுவின்றி வருகிறார்கள். அது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

ஆகவே கூட்டலாமா என்பது தாயாரின் சிறுநீரகம் இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அதைச் சோதித்து அறியலாம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. இரத்தத்தில் அளக்கப்படும் கிரியாட்டினின் தசையிலிருந்து உண்டாவது. தசை குறைந்த முதியவரிடம் சிறுநீரகம் பழுதடைந்திருந்தாலும் கிரியாட்டினின் இயல்பான எண்ணையே காட்டக்கூடும். எனவே அந்த ஓர் எண்ணைப் பார்த்து நிம்மதி அடைய வேண்டாம். வயதையும் பாலினத்தையும் சேர்த்துக் கணக்கிடும் சிறுநீரக வடிகட்டு வீதத்தையும் (eGFR), சிறுநீரில் ஆல்புமின் என்னும் புரதத்துக்கும் கிரியாட்டினினுக்கும் உள்ள விகிதத்தையும் கேட்டு வாங்குங்கள். அந்த விகிதம் ஒரு கிராமுக்கு 30 மில்லிகிராமுக்குள் இருப்பது இயல்பு. ஐயம் இருந்தால் சிஸ்டாடின் சி என்ற சோதனை தசையளவைப் பெரிதும் சாராமல் நிலையைக் காட்டும். சர்க்கரை உள்ளவர்கள் ஆண்டுக்கு ஒரு முறையாவது செய்துகொள்ள வேண்டிய சோதனைகளில் முதலிரண்டும் சேர்ந்தவை.

இன்னொன்று. சைவ உணவும் நெடுநாள் எடுக்கும் மெட்ஃபார்மின் என்னும் சர்க்கரை நோய் மாத்திரையும் சேரும் இடத்தில் வைட்டமின் பி12 குறைவது வழக்கம். அதனாலும் கால் தளரும். அவர் எந்த மாத்திரை எடுக்கிறார் என்று தாங்கள் எழுதவில்லை. பி12, வைட்டமின் டி இரண்டையும் பார்த்துவிடச் சொல்லுங்கள்.

மறுமொழி: காவிரிக்கரை

அனைவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. அம்மா எடுத்துக்கொள்வது மெட்ஃபார்மின்தான். இந்த வாரமே சோதனைகளுக்கு ஏற்பாடு செய்கிறேன். முடிவு நல்லபடியாக வந்தால் உணவை எப்படி மாற்றுவது என்பதை, எங்கள் வீட்டுச் சமையலுக்குள் அடங்கும் வகையில் யாராவது சொல்ல முடியுமா? வாயுத் தொல்லைக்கும் ஏதேனும் வழி உண்டா? பயறை முளைகட்டினால் புரதம் இரு மடங்காகும் என்றும் படித்தேன்.

மறுமொழி: அடுக்களை

சகோதரி, என் மாமியாருக்கு உணவியல் ஆலோசகர் ஒருவர் எழுதிக் கொடுத்த முறையை ஒட்டி, தங்கள் வீட்டு வழக்கத்துக்குப் பொருந்தும்படி எழுதுகிறேன்.

காலையில் இட்லியை நிறுத்த வேண்டியதில்லை. வாரத்தில் சில நாள் அதற்குப் பதில் அடையோ பாசிப்பயறு தோசையோ செய்யுங்கள். 50 கிராம் பருப்பு சேரும்படி அரைத்த இரண்டு அடையில் 12 கிராம் வரை புரதம் கிடைக்கும். இட்லி நாளில் தேங்காயைக் குறைத்து வேர்க்கடலைச் சட்னியோ பொட்டுக்கடலைச் சட்னியோ அரையுங்கள். ஒரு தம்ளர் பாலையும் சேருங்கள். மதியம் சாம்பாரோடு நிறுத்தாமல் கெட்டியான கூட்டு, பருப்பு உசிலி, மசித்த பருப்பு இவற்றில் ஒன்று கட்டாயம் இருக்கட்டும். 30 கிராம் பருப்பு அவர் தட்டுக்குத் தனியாகப் போக வேண்டும். மோருக்குப் பதில் 150 கிராம் தயிர் என்றால் ஐந்து கிராம் அளவுக்கு வந்துவிடும். மாலையில் ஒரு கைப்பிடி கொண்டைக்கடலைச் சுண்டல். இரவுத் தோசைக்குத் தொட்டுக்கொள்ள 40 கிராம் பன்னீரை உதிர்த்து வதக்கினால் ஏழு கிராமுக்கு மேல். மீல்மேக்கரை ஊறவைத்துப் பிழிந்து குருமாவில் போட்டால், உலர்ந்த நிலையில் 20 கிராமிலேயே பத்து கிராம் கிடைக்கும். இவை அனைத்தையும் கூட்டிப் பார்த்தால் 55ஐத் தொடும்.

வாயுவுக்குக் காரணம் பயறு வகைகளில் உள்ள சில கூட்டுச் சர்க்கரைகள். அவற்றைச் செரிக்கும் நொதி நம் குடலில் இல்லாததால், பெருங்குடலில் உள்ள பாக்டீரியாக்கள் அவற்றை நொதிக்கவைத்து வாயுவை உண்டாக்குகின்றன. கொண்டைக்கடலையை இரவு முழுவதும் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிட்டுப் புது நீரில் நன்றாகக் குழைய வேகவைத்தால் தொல்லை பெரிதும் குறையும். தொடக்கத்தில் பாசிப்பருப்பை மட்டும் கூட்டுங்கள். எங்கள் வீட்டில் எல்லாருக்கும் ஒத்துக்கொண்டது அதுதான். பெருங்காயமும் இஞ்சியும் வழக்கம்போல் சேருங்கள். எல்லா மாற்றத்தையும் ஒரே நாளில் புகுத்தினால் அவர் மறுபடி பருப்பை ஒதுக்கிவிடுவார். வாரத்துக்கு ஒன்றாகச் சேர்ப்பது நல்லது.

மறுமொழி: மதுரை உணவியலாளர்

மேலே உள்ள திட்டம் நன்றாக இருக்கிறது. இரண்டு செய்திகளை மட்டும் சேர்க்கிறேன்.

உண்ணும் புரதம் தசையாக வேண்டுமானால் தசைக்கு வேலை கொடுக்க வேண்டும். உறுதியான நாற்காலியில் உட்கார்ந்து, பிடிக்காமல் எழுந்து உட்காரும் பயிற்சியை நாளுக்கு இரு வேளை, இயன்ற அளவு செய்யச் சொல்லுங்கள். முதல் சில வாரங்கள் யாராவது அருகில் நிற்க வேண்டும். நடைப்பயிற்சி மட்டும் போதாது. இயன்மருத்துவர் ஒருவரைக் கேட்டுத் தொடங்கினால் மேலும் பாதுகாப்பு.

பயறை முளைகட்டினால் புரதம் இரு மடங்காவதில்லை. முளைவிடும் பயறு நீரை இழுத்துக்கொள்வதால், நூறு கிராம் முளைப்பயறில் உள்ள புரதம் நூறு கிராம் உலர்பயறில் உள்ளதைவிட மிகவும் குறைவு. முளைகட்டுவதால் செரிமானத்தைத் தடுக்கும் சில பொருள்கள் குறைகின்றன, இரும்புச்சத்து எளிதில் உட்கிரகிக்கப்படுகிறது, வைட்டமின் சி உண்டாகிறது; அந்த நன்மைகளுக்காகத் தாராளமாகச் செய்யலாம். பச்சையாகக் கொடுக்காமல் ஆவியில் வேகவைத்துக் கொடுங்கள். அளவை மட்டும் ஊறவைக்கும் முன் உலர்ந்த பயறாகவே நிறுத்து வையுங்கள்.